சாக்கடை சமைத்தவள்

எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது தரைவிரிப்பைத்தான். விரிப்பின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் அந்த ஸ்டாலில் எதையும் வாங்கமாட்டேன். இது பெரிய அறிவாளித்தனம் என்று சொல்லவில்லை, மேடம். ஆனால் எங்கள் ஸ்டாலில் விரிப்பு ஒருநாளும் தூக்கிக்கொண்டதில்லை. தரையில் முட்டி போட்டு ஒட்டுநாடாவை நானே ஒட்டுவேன். என் முட்டிகள் இந்தக் கதிக்கு ஆளானதே அதனால்தான். நாற்காலி கொடுத்ததற்கு நன்றி.

எங்கள் குடும்பம் தண்ணீர் ஃபில்டர் செய்கிறது. மாமனார் ஆரம்பித்த கம்பெனி. விற்பனையை என் கணவர் பார்க்கிறார், தயாரிப்பைக் கொழுந்தன் பார்க்கிறார். நான் மூத்த மருமகள். வருஷம் முழுக்க எனக்கு அங்கே ஒரு நாற்காலிகூடக் கிடையாது. ஆனால் தொழிற்கண்காட்சி நெருங்கிவிட்டால் நான் வைத்ததுதான் சட்டம். எந்த மூலையில் இடம் பிடிப்பது, பலகையில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும், மிட்டாயை எந்தக் கிண்ணத்தில் வைப்பது, எல்லாம் நான். அட்டையில் குட்டி ஸ்டால் ஒன்று செய்து சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்துவிடுவேன். கண்காட்சி முடியும்வரை வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு மெனக்கெடல" என்பார் கணவர். உண்மைதான். கல்யாணத்தில் என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

எங்கள் ஸ்டாலுக்கு ஒரு வழக்கம் உண்டு. திறப்பு நாள் காலையில், கூட்டத்தின் முன்னால், கண்ணாடித் தொட்டியில் இருக்கும் சாக்கடைத் தண்ணீரை மிஷினில் ஊற்றுவோம். மறுபக்கம் பளிங்குபோல் வரும் தண்ணீரை மாமா ஒரே மூச்சில் குடித்துவிட்டு உதட்டைத் துடைப்பார். கைதட்டல் கேட்கும். அந்தக் கைதட்டலில்தான் எங்கள் வியாபாரம்.

அந்தச் சாக்கடையைச் செய்வது நான். ஆமாம், செய்வதுதான். நிஜச் சாக்கடையை வீட்டுப் பெரியவரைக் குடிக்கவைக்க முடியுமா? நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர், இரண்டாம் முறை வடித்த டீத்தூள், வாணலியில் வறுத்துச் சலித்த மண், மேலே மிதப்பதற்குக் கொஞ்சம் காய்ந்த இலை. பார்த்தாலே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் அப்படியே எடுத்துக் குடித்தால்கூட எதுவும் ஆகாது. சமையலில் எனக்குக் கைமணம் கிடையாது என்று கொழுந்தன் கேலி செய்வார். சாக்கடையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

சின்னவளை எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கொழுந்தனின் மனைவி, தண்ணீரைப் பற்றியே படித்துவிட்டு வந்தவள். என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வருவாள். எனக்கு முட்டிவலி வந்த நாட்களில் அவள்தான் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவாள். புதிய மாடல் ஃபில்டர் முழுக்க அவள் மூளை. மிஷினுக்குள் மாட்டும் வடிகட்டி உருளை, அதாவது கேட்ரிட்ஜ், கிருமியையே பிடித்து நிறுத்தும்.

ஒருநாள் நான் அடுப்பில் மண் வறுத்துக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே வந்தாள். விஷயம் புரிந்ததும் சிரித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இத்தனை வருஷமா ஊரே கைதட்டினது உங்க டீத்தண்ணிக்கா?"

நானும் சிரித்தேன். ரொம்ப நேரம் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். அவள் நேராக மாமாவிடம் போய், இந்த வருஷம் பொய்யே வேண்டாம், கண்காட்சி மண்டபத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் எல்லோர் கண் முன்னாலும் தண்ணீர் மொண்டு வருவோம், என் மிஷின் தாங்கும், முதல் கிளாஸை நானே குடிக்கிறேன் என்றாள். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நேர்மையைக் கண்டால் அவருக்கு அப்படி ஆகும். என் டீத்தண்ணியை அத்தனை வருஷம் குடித்தவர்தான்.

அன்று மாலை என்னைக் கூப்பிட்டார். "பெரியவளே, நீயும் எத்தனை வருஷம்தான் கஷ்டப்படுவ. ஸ்டாலை இனிமே சின்னவ பாத்துக்கட்டும். நீ அந்த மிட்டாய் கிண்ணத்த மட்டும் பாத்துக்கோ, போதும்."

அவர் குரலில் அவ்வளவு கரிசனம். நான் சரி மாமா என்று சொல்லிவிட்டுப் போய், சாப்பாட்டு மேஜையிலிருந்த அட்டை ஸ்டாலை எடுத்துப் பரணில் வைத்தேன். அன்று எல்லோரும் மேஜையில் தட்டை வைத்து வசதியாகச் சாப்பிட்டார்கள். இவ்வளவு இடம் இருக்கிறதே என்று கொழுந்தன் ஆச்சரியப்பட்டார். இதற்காக யாராவது மனம் புண்படுவார்களா, மேடம்? நான் பட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

சின்னவள் போட்ட ஸ்டாலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாம்பல் நிறத் தரைவிரிப்பு. விளக்கு நேராக உச்சியிலிருந்து விழுகிறது. அதன் கீழே யார் நின்றாலும் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து நோயாளி மாதிரி தெரிவார்கள். ஆனால் ஒரு வேலையை அவள் என்னிடமே கொடுத்தாள். "மிஷினை நீங்களே பொருத்திடுங்க அக்கா. உங்க கை மாதிரி வராது."

எங்கள் தொழிலில் ஸ்டாலுக்கு இரண்டு மிஷின் கொண்டுபோவோம். ஒன்று ஓடுகிற மிஷின். இன்னொன்று, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டப் பாதியாக அறுத்து வைத்தது. அறுத்த மிஷினில் நிஜ கேட்ரிட்ஜை வைத்து யாரும் வீணாக்கமாட்டார்கள். வெறும் கூடு, மேலே அதே லேபிள், உள்ளே வெள்ளையாகத் தெரியப் பஞ்சு. அந்தப் பொம்மை கேட்ரிட்ஜ்களையும் நான்தான் செய்வேன். நிஜமும் பொம்மையும் பக்கத்தில் இருந்தால் கொழுந்தனே தடுமாறுவார்.

திறப்புக்கு முந்தின நாள் சின்னவள் கால்வாய்த் தண்ணீரை ஊற்றிச் சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் காலை அவள் புடவை மாற்றப் போன நேரத்தில் நான் நிஜ கேட்ரிட்ஜை எடுத்துவிட்டுப் பொம்மையை மாட்டினேன். தண்ணீர் கலங்கலாக வரும், கூட்டம் சிரிக்கும், சின்னவள் முகம் ஒரு நிமிஷம் சுருங்கும், அப்புறம் அக்கா என்று என்னிடம் ஓடி வருவாள். முதல்முறை நீங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னை விசாரித்திருந்தால் இவ்வளவை மட்டும் சொல்லி நிறுத்தியிருப்பேன். நீங்கள் என்னை விசாரிக்கவே இல்லை.

தண்ணீர் கலங்கலாக வரவில்லை. பளிங்குபோல் வந்தது.

சின்னவள் கிளாஸை எடுத்தாள். மாமா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். "முதல் கிளாஸ் எப்பவும் எனக்குத்தான்மா" என்றார். அவருக்கு ஏற்கெனவே சிறுநீரகம் பழுது. வீட்டில் தண்ணீரைக்கூட டாக்டர் சொன்ன அளவில்தான் குடிப்பார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன், கையில் கிண்ணத்தோடு. அந்த நேரம் பார்த்து மேஜைத்துணி ஒரு பக்கம் மடங்கியிருந்தது கண்ணில் பட்டது. குனிந்து அதைச் சரிசெய்தேன். நிமிர்ந்தபோது கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீயும் ஒரு வாய் குடியேன், பெரியவளே" என்றார் மாமா.

"பல்லு கூசும் மாமா" என்றேன்.

அப்புறம் காகிதக் கோப்பைகளில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். சின்னவளும் குடித்தாள். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் என்னிடம், குழந்தைக்கும் ஒரு வாய் தரலாமா என்று கேட்டாள். சந்தேகங்களுக்குச் சின்னவள் மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. நான் குழந்தைக்கு மிட்டாய் கொடுத்து, சின்னவள் இருந்த பக்கம் கையைக் காட்டினேன். குழந்தை பிழைத்துக்கொண்டதாக நர்ஸ் சொன்னாள். கேட்க நிம்மதியாக இருந்தது.

என் கணவர் குடிக்கவில்லை. காலையில் கிளம்பும்போதே அவருக்கு வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தேன். தொண்டை கட்டிக்கொள்ளும், வெளியில் எதையும் குடிக்காதீர்கள், அவர்கள் என்ன வற்புறுத்தினாலும் குடிக்காதீர்கள் என்று வாசல்வரை வந்து சொன்னேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் இவளுக்கு என்மேல் இவ்வளவு ஆசையா என்று அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். நீங்கள் இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். அந்த இடம் வரும் என்று எனக்குத் தெரியும்.

பஞ்சு மட்டும் இருந்திருந்தால் தண்ணீர் கலங்கலாகத்தான் வந்திருக்கும், மேடம். யாரும் குடித்திருக்கமாட்டார்கள். அதனால் பஞ்சை நெருக்கமாக அடைத்தேன். நடுவில் நான்காக மடித்த மெல்லிய துணி வைத்தேன். வாடை போகட்டும் என்று ஒரு பிடி கரித்தூள். சும்மா குத்துமதிப்பாகச் செய்யவில்லை. அதே கால்வாயிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து, வீட்டில் யாரும் இல்லாதபோது சமையலறையில் வடித்துப் பார்த்தேன். முதலில் மஞ்சளாக வந்தது. துணியை இன்னும் ஒரு மடிப்பு கூட்டினேன். கடைசியில் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, எதிர்வீட்டு மொட்டைமாடியில் காயும் துணி அதன் வழியாகத் தெளிவாகத் தெரிந்தது. மோந்து பார்த்தேன். வாடை இல்லை. குடித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

குடித்த எல்லோரும் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள், மாமா அங்கேயே இறந்துபோனார். வயிற்றுப்போக்கை இந்தச் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். சின்னவள் கையில் குளுக்கோஸ் ஊசியோடு படுக்கையிலிருந்து இறங்கி வந்து, என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

"நான்தான் அக்கா கொன்னுட்டேன். என் மிஷின்தான்."

அழாதே, யாருக்கும் தப்பு நடக்கும் என்று நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். நிஜமாகவே அவள்மேல் பாவமாக இருந்தது. அவளைச் சிறையில் வைத்த பிறகு அவளுக்குப் பிடித்த பருத்திப் புடவைகளை மடித்து நான்தான் கொடுத்தனுப்பினேன்.

இத்தனை நாள் வராதவள் இப்போது ஏன் வந்தேன் என்றுதானே கேட்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்காகத்தான். தப்பே செய்யாத ஒருத்தி உள்ளே இருப்பதைப் பார்த்து எந்த அக்காவால் சும்மா இருக்க முடியும்? நேற்று டீவியில் நீங்கள் பேசினீர்கள். ஸ்டால் ஏற்பாடு செய்தவர்களின் கவனக்குறைவு என்றீர்கள். அவசரத்தில் பொம்மை கேட்ரிட்ஜைத் தவறுதலாக மாற்றிப் பொருத்திவிட்டார்கள் என்றீர்கள். நான் எழுந்து டீவியை அணைத்தேன். அப்புறம் மறுபடி போட்டேன். நீங்கள் அதையே திரும்பவும் சொன்னீர்கள்.

மிஷினைப் பொருத்தியது நான் என்று அந்த மண்டபத்தில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும், மேடம். தவறுதலாக மாட்டினால் கேட்ரிட்ஜின் வாய் சரியாக உட்காராது, ஓரத்தில் ஒழுகும். அது ஒரு சொட்டு ஒழுகியதா? நீங்களே கழற்றிப் பார்த்தீர்களே.

எல்லாவற்றையும் செய்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். சின்னவளை எப்போது வெளியே விடுவது என்பது உங்கள் சௌகரியம். கவனக்குறைவு என்ற அந்தச் சொல்லை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.