பட்டப்பகலில் ஒரு பல்பு

திருத்தணி ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். திருப்பதியில் புத்தூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம், பஸ் வந்தால்தானே! பக்கத்தில் ஒரு போட்டோக்காரர், நகரி நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணை மலை பின்னால் தெரிய நிறுத்தி, காமிராவில் ஃப்ளாஷ் பல்பை மாட்டிக்கொண்டிருந்தார். படம் திருத்தணி மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டுமாம்.

"பட்டப்பகல்ல எதுக்கு நைனா பல்பு?" என்றாள் பெண்ணின் அம்மா.

"வெயிலு பொண்ணு முதுகுல அடிக்குதும்மா. பல்பு போடலன்னா மலை பளிச்னு வரும், மொகம் இருட்டாப் பூடும்."

"அப்போ கிட்ட வந்து போடு. செவப்பா தெரியட்டும்."

"வேணாண்ணா, தள்ளியே நில்லு," என்றாள் பெண். "போன தபா கிட்ட வந்து போட்டு, சுண்ணாம்பு அடிச்ச செவுராட்டம் வந்துச்சி. அத்தப் பாத்துட்டு வந்தவன், என்ன நேர்ல பாத்ததும் காபியக் குடிச்சிட்டுப் போனவன்தான். எங் கலரு தெரிஞ்சி வர்றவன் வரட்டும்."

"இவ பேசறதப் பாருங்க!" என்று அம்மா எங்களிடம் முறையிட்டாள். பஸ் வரிசை முழுக்க மகள் பக்கம்.

போட்டோக்காரர் இரண்டடி பின்னால் போனார். பளீர்!

"கண்ண மூடிட்டியாடி?"

"எங்க மூடறது? அந்தத் திருத்தணி மாப்புள எதுருல நிக்கறான்னு நெனச்சி நல்லாப் பாத்துக்கினு இருந்தேன். எனக்கும் புடிக்கணும் இல்ல?"