கொசுறு

— ஐந்நூறா? போன என் பேரைத் திரும்ப எடுத்துத் தர்றதுக்கு ஐந்நூறா, தம்பி?

— பேருக்கு இல்லக்கா. மிஷினைத் திறந்து பாக்கறதுக்கு. பேரு வருமா வராதான்னு நான் எழுதித் தர முடியாது.

— வராத பேருக்கு எதுக்கு ஐந்நூறு? நூத்தைம்பது.

— ஆணி வாங்கவா வந்திருக்கீங்க?

— ஆணிக்கடை வச்சிருக்கறவ வேற எப்படிப் பேசுவா? நியாயத்த சொல்லு. ஆறு மாசத்துக்கு முன்னாடி இதே மேஜையில நீ பூட்டிக் குடுத்த மிஷின் இது. இன்னிக்கு வரைக்கும் உள்ள ஒரு ஸ்க்ரூ லூசாகல.

— ஸ்க்ரூ உங்க கடையோடதுக்கா.

— அதனாலதான் லூசாகல. சரி, இருநூறு.

— இருநூத்தைம்பது. உக்காருங்க. அந்த ஸ்டூல்ல வேணாம், கால் ஆடுது.

— கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவன் கடையில ஸ்டூலுக்கு ரிப்பேர் இல்ல. நாளைக்கு ரெண்டு போல்ட் அனுப்பறேன். காசோடதான், ஃப்ரீன்னு நினைக்காத.

— நினைக்கலக்கா. என்ன ஆச்சுன்னு மொதல்லேருந்து சொல்லுங்க.

— போன செவ்வாக்கிழமை மத்தியானம். ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் கடையில ஈ ஓட்டற நேரம்தானே. வழக்கம்போல விளையாட உக்காந்தேன். எங்க டீமுல நாலு பேர். ஒரு லாரி டிரைவர், ஒரு நர்சம்மா, என் மருமக, நான். பாலத்துக்கு அடியில பதுங்கியிருக்கோம். லாரிக்காரர் குண்டு இல்லன்னு புலம்பறாரு. திடீர்னு திரை கறுத்துப் போச்சு. செவப்பு எழுத்து. மோசடி செஞ்சதால உங்களை நிரந்தரமா நீக்கிட்டோம்னு.

— அக்கா, ஒரு நிமிஷம். நீங்க துப்பாக்கி விளையாட்டா ஆடறீங்க? பில் போடத்தானே மிஷின் கேட்டீங்க?

— பில்லும் போடறேன். விளையாட்டுல என் பேரு திருப்புளி, ஸ்க்ரூ முடுக்கறது. உனக்கென்ன சிரிப்பு?

— சிரிக்கல. பேரு நல்லா இருக்கு. சரி, ஒரு விளையாட்டுதானே, வேற பேர்ல புதுசா ஆரம்பிச்சாப் போச்சு.

— அது அவ்வளவு லேசு இல்ல தம்பி. மருமக வந்து ஆறு வருஷம். கல்யாணச் செலவப் பத்திப் பேசறப்ப, பழக்க தோஷம், அவ அப்பாகிட்ட நான் கொஞ்சம் பேரம் பேசிட்டேன். அத மனசுல வச்சுக்கிட்டா. அவங்க இருக்கறது வேற ஊர்ல. போன் பண்ணி எதைச் சொன்னாலும் சரிம்பா. நல்லா இருக்கியா, சரி. சாப்பிட்டியா, சரி. ஆறு வருஷமும் அந்த ஒரு வார்த்தைதான்.

— விளையாட்டுக்கு எப்படி வந்தீங்க?

— மகனுக்கு வேலை மாறிச்சு, டீமுல ஒரு ஆள் குறைஞ்சுது. ஒப்புக்கு என்னைச் சேத்தாங்க. மொத வாரம் என்னையே நான் சுட்டுக்கிட்டுச் செத்தேன். பத்தாவது நாளோ என்னவோ, காதுல கேக்குது, அத்தை, பின்னாடி ஆள், குனிங்கன்னு. ஆறு வருஷத்துல மொதத் தடவ அத்தைன்னு வாயில வந்துது. அப்புறம் விளையாட்டு முடிஞ்சும் பேச ஆரம்பிச்சா. அவ ஆபீஸ் கதை, முட்டி வலி, எல்லாம். அந்த அத்தைக்கு என்ன விலை போடுவ நீ? ஐந்நூறா, இருநூத்தைம்பதா?

— இப்ப என்ன சொல்றாங்க?

— நான் ஒண்ணும் பண்ணல கண்ணுன்னேன். சரின்னா.

— அதுக்கென்ன, நம்பிட்டாங்கன்னுதானே?

— இல்ல. பழைய சரி.

— அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். ஏதாவது போட்டீங்களா? குறி தானாப் போய் விழற மாதிரி, சுவத்துக்கு அந்தப் பக்கம் நிக்கறவன் தெரியற மாதிரி?

— எழுந்து போயிடுவேன்.

— எல்லாரும் இல்லைன்னுதான் சொல்றாங்க. நான் பாத்த வரைக்கும் மிஷின் பொய் சொல்லாதுக்கா. மனுஷன் சொல்வான். எம் பொண்ணே சொன்னா.

— உன் பொண்ணா?

— ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. அவ ஆடினது வேற விளையாட்டு. காலேஜ் டீமுக்கு அவதான் கேப்டன். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கறப்ப இதே மாதிரி செவப்பு எழுத்து. சத்தியமா நான் பண்ணலப்பான்னா. கண்ணு முன்னாடி எழுதியிருக்கு, நான் யாரை நம்பறது? பொய் சொல்லாதன்னேன். அன்னிக்கே மிஷினைக் கழட்டி வித்துட்டேன்.

— அழுதாளா?

— இல்ல. சரின்னா.

— அது ரொம்பப் பெரிய வார்த்தை தம்பி.

— இருங்க, ஸ்டார்ட் ஆயிடுச்சு. இந்த மாதிரி விளையாட்டோட ஒரு காவக்காரனையும் சேத்துத்தான் அனுப்புவாங்க. மிஷினை ஆன் பண்ணும்போதே அது எந்திரிச்சுக்கும். உள்ள யார் வர்றா, யார் போறான்னு பாத்துக்கிட்டே இருக்கும். பாத்ததைக் குறிச்சும் வைக்கும்.

— என் கடையிலயும் ஒரு கேமரா இருக்கு. அது யார் கழுத்தையும் பிடிச்சு வெளிய தள்ளினதில்ல.

— இது தள்ளும். செவ்வாக்கிழமைன்னு சொன்னீங்க இல்ல? காலையில புதுப் பட்டியல் ஒண்ணு எறங்கியிருக்கு. யாரையெல்லாம் உள்ள விடக்கூடாதுங்கற பட்டியல். அப்புறம் ரெண்டு நாப்பதுக்கு...

— ஆமா. அப்பதான் கறுத்துச்சு. எதப் பிடிச்சுது?

— ஒரு நிமிஷம்க்கா.

— ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம்னு அஞ்சு நிமிஷம் ஆச்சு. முகம் ஏன் அப்படிப் போகுது? வாங்கின சரக்குல எலி செத்துக் கெடந்த மாதிரி.

— இது ஏமாத்தற சாஃப்ட்வேர் இல்ல. ஃபேன் சாஃப்ட்வேர்.

— ஃபேனா?

— உள்ள சூடு ஏறினா ஃபேன் கத்தும் இல்ல? அது கத்தாம, அளவாச் சுத்த வைக்கற சின்ன சாஃப்ட்வேர். மிஷினோட அடிவயிறு வரைக்கும் போய்த்தான் ஃபேனைத் திருகணும். அவ்வளவு உள்ள போறதுக்கு அதுகிட்ட ஒரு சாவி உண்டு. பழைய சாவி, பூட்டு சரியில்லாத காலத்துச் சாவி. அதே சாவியை ஏமாத்து சாஃப்ட்வேர் பண்றவங்க எடுத்துக்கிட்டு உள்ள நுழைய ஆரம்பிச்சுட்டாங்க. காவக்காரனுக்குச் சாவிதான் தெரியும். அது யார் கையில இருக்குன்னு தெரியாது.

— அப்ப சாவி வச்சிருக்கற எல்லாரும் திருடன்.

— அப்படித்தான் கணக்கு.

— நான் பில் போடுவேன், சுடுவேன். ஃபேனைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? இத யார் உள்ள போட்டது?

— நான்தான்.

— என்னது?

— மிஷின் வாங்கறப்ப கொசுறு கேட்டீங்க. மவுஸ் வைக்கற பேட் கேட்டீங்க, இல்லைன்னேன். வேற ஏதாவது போட்டாதான் எழுந்திருப்பேன்னீங்க. ஃபேன் சத்தத்துல கடையில விலை பேசினா காதுல விழாதே, அதுக்கு ஒண்ணு ஃப்ரீயாப் போட்டுத் தர்றேன்னேன்.

— அரை மணி நேரம் வாதாடி வாங்கினேனே அத. வீட்டுக்குப் போய் மகன்கிட்ட பெருமை வேற பேசினேன். வாதாடி வாங்கின கொசுறுதான் என்னைத் திருடியாக்கியிருக்கு.

— புதுசா வந்த ஃபேன் சாஃப்ட்வேர்ல சாவியை மாத்திட்டாங்க. நான் பழசையே போட்டுக்கிட்டிருக்கேன்.

— ஏன்?

— அந்தப் பென்டிரைவ்ல இருந்துச்சு. பாருங்க, சாவிக்கொத்துலயே மாட்டியிருக்கேன். மூணு வருஷமா எல்லாருக்கும் இதுலேருந்துதான் போடறேன். நல்லா ஓடிக்கிட்டிருந்தத நான் ஏன் தொடப்போறேன்?

— வர்ற கோவத்துக்குக் குடிக்கத் தண்ணி இருக்கா?

— இந்தாங்க. அத எடுத்துட்டேன், சுத்தமா. கம்பெனிக்கு எழுதிடலாம்.

— மூணு தடவ எழுதிட்டேன். உங்கள் கோரிக்கையைக் கவனமாகப் பரிசீலித்தோம்னு மூணு தடவையும் ஒரே பதில். நாலு நிமிஷத்துல வருது. நாலு நிமிஷத்துல நான் அரைக் கிலோ ஆணி நிறுத்து முடிக்க மாட்டேன்.

— அது மிஷின் போடற பதில். காவக்காரன் எழுதி வச்ச இந்தக் குறிப்பையும் சேத்து அனுப்பினா யாராவது மனுஷன் கண்ணுல படும். பத்து நாள் ஆகலாம், இருபது நாள் ஆகலாம்.

— இன்னிக்குச் சாயங்காலம் மருமகளுக்கு நான் என்ன சொல்றது?

— ஏதோ வைரஸ்னு சொல்லிடுங்க. கேக்கறவங்களுக்கும் புரியும்.

— நியாயத்த சொல்லு தம்பி. இது வைரஸா?

— அது வந்து, அக்கா...

— பில் புக்கை எடு. இன்ன தேதி, இன்ன சாஃப்ட்வேரை நான்தான் போட்டேன், இவங்களுக்குத் தெரியாது, தப்பு என்னோடதுன்னு எழுதி, கடை சீல் வச்சுக் குடு. அத போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பறேன்.

— அக்கா, கொஞ்சம் யோசிங்க. உங்களுக்குப் போனது விளையாட்டுல ஒரு பேரு. எனக்கு இது கடை. இந்தக் காகிதம் நாலு பேர் கைக்குப் போச்சுன்னா, மிஷின்ல கண்டதையும் போடறான்னு ஒருத்தனும் இந்தப் படி ஏற மாட்டான். வீட்டுத் தவணை இதுலதான் ஓடுது.

— தெரியும். நானும் கடைக்காரிதான். ஒரு தடவ என் தராசு பழுதாகி, மூணு நாளா கிலோவுக்கு ஐம்பது கிராம் கம்மியா நிறுத்துக்கிட்டிருந்துது. எனக்கே தெரியாது. தெரிஞ்ச அன்னிக்கு, வாங்கினவங்களை ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் குறைஞ்சத அளந்து குடுத்தேன்.

— நீங்க நல்லவங்க.

— நல்லவளும் இல்ல, ஒண்ணும் இல்ல. நானாப் போய்ச் சொன்னா அது தராசோட தப்பு. அவங்களா வந்து கேட்டா அது என் தப்பு. விவரமாத்தான் பண்ணேன். அதுல ரெண்டு பேர் அதுக்கப்புறம் வரல. மீதிப் பேர் இன்னிக்கும் எடையைப் பாக்காம வாங்கிட்டுப் போறாங்க.

— ரெண்டு பேர் போனாங்க இல்ல?

— போனாங்க. போகமாட்டாங்கன்னா சொன்னேன்?

— பேனா எங்க வச்சேன்?

— காதுல.

— தேதி போட்டாச்சு. இந்தக் கடையில் வாங்கிய கணினியில்... அக்கா, தப்பு என்னோடதுன்னா போடணும்? கவனக்குறைவுன்னு போட்டா போதாதா?

— இதுலயும் பேரமா? தப்புன்னு போடு.

— போட்டாச்சு. கையெழுத்து. சீல். இந்தாங்க, மை காயட்டும்.

— இருநூத்தைம்பது. எண்ணிப் பாத்துக்க.

— அய்யோ, வேணாம்க்கா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாங்குவேன்?

— திறந்து பாக்கறதுக்குப் பேசின விலை இது. திறந்து பாத்த. பிடி. இன்னொண்ணு கேக்கணும். எல்லாருக்கும் இதுலேருந்துதான் போடறேன்னு சொன்னியே. எல்லாரும்னா எத்தன பேரு?

— அதத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன். இப்ப நெட்ல தேடிப் பாத்தேன். இந்தச் சாவியை உங்க விளையாட்டு போன செவ்வாக்கிழமைதான் பட்டியல்ல சேத்திருக்கு. வேற சில விளையாட்டுல முன்னாடியே சேத்துட்டாங்க. ஒண்ணுல ரெண்டு வருஷமாவே இருக்கு.

— அது எந்த விளையாட்டு?

— ஏதோ ஒண்ணு. வாரண்டி நோட்டை எடுக்கறேன். இத யாருக்கெல்லாம் குடுத்தேனோ அந்த வரி ஓரத்துல ஒரு சுழி போட்டிருப்பேன்.

— எதுக்குச் சுழி?

— திரும்பி வந்து இன்னொரு கொசுறு கேட்டா இல்லைன்னு சொல்றதுக்கு.

— என்னை மாதிரி ஆளுங்களுக்கு. சரி, வாசி.

— போட்டோ ஸ்டுடியோக்காரர், ஒண்ணு. டியூஷன் வாத்தியார், ரெண்டு. அவர் விளையாட மாட்டார்.

— அவர் பையன்?

— பையன் நாள் பூரா விளையாடுவான். பல் டாக்டர், மூணு. ரெட்டைப் பசங்க வீடு, நாலு. அவங்க போன மாசம் வந்து சண்டை போட்டாங்க, மிஷின் மேல பழி போடாதீங்கன்னு விரட்டிட்டேன். தையல் டீச்சர், அஞ்சு. பேக்கரிக்காரர் மச்சான், ஆறு. வக்கீல் சார், ஏழு. பிரிண்டிங் பிரஸ், எட்டு. பேங்க் மேடம், ஒன்பது. அப்புறம் நீங்க, பத்து. அவ்வளவுதான்.

— நோட்டுல பதினொரு சுழி இருக்கு.

— நீங்க தலைகீழால்ல பாக்கறீங்க.

— முப்பது வருஷமா அடுத்தவன் கணக்கைத் தலைகீழாத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். மொத வரியை விட்டுட்ட.

— அதுல பேரு எழுதல.

— பேரு இல்லதான். வீடுன்னு எழுதியிருக்கு. யார் வீடு தம்பி?

— நான்தான் பூட்டினேன். எம் பொண்ணு பொறந்த நாளுக்கு. மத்தியானம் தூங்கறப்ப அம்மாவுக்குச் சத்தம் கேக்கக் கூடாதுப்பான்னா. இந்தப் பென்டிரைவை மொத மொதல்ல சொருகினது அதுலதான்.

— இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கற? போன எடு.

— உங்களைத் தவிர ஒன்பது பேருக்கும் இன்னிக்கே பேசி முடிச்சுடறேன்க்கா, திட்டினாலும் வாங்கிக்கறேன். பதினொண்ணுல பத்து போனா ஒண்ணு நிலுவை, அவ ரெண்டு வருஷமா என் நம்பரை எடுக்கறதில்ல. உங்க போனைக் கொஞ்சம் குடுங்க.