முத்துவுக்கு ஒரு மாப்பிள்ளை

"ஹலோ... ஹலோ... வச்சிடாதே, வச்சிடாதே! அக்காதான் பேசறேன்."

தம்பியோடு பேச்சுவார்த்தை நின்று ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய நாய்ப் பண்ணையைப் பிரித்தபோது வாய்க்கு வந்தபடி பேசிப் பிரிந்தவர்கள். தெருவே 'நாய்க்காரம்மா' என்று கூப்பிடும் அவளுக்கு வீம்பு கொஞ்ச நஞ்சமல்ல. இன்று அந்த வீம்பை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டுத்தான் போனை எடுத்திருந்தாள். மடியில் முத்து படுத்திருந்தது. வெள்ளையும் செம்பழுப்புமாக, தொங்கு காதும் கோலிக்குண்டுக் கண்ணுமாக ஒரு டாய் ஸ்பானியல் பெட்டை.

"ஆமா... ஆமா, செத்தாலும் கூப்பிட மாட்டேன்னு சொன்னேன். இன்னும் சாகலையே... சரி, சிரிச்சுக்கோ. ...எனக்கு ஒண்ணும் இல்லடா, நாய்ங்களுக்குத்தான். டாக்டர் வந்தாரு. பதினொண்ணையும் மேஜை மேல ஏத்தி நெஞ்சைக் கேட்டாரு... பத்துக்கு. பத்துக்கும்டா! இதயத்துல வால்வு சரியா மூட மாட்டேங்குதாம். முத்து ஒருத்திதான் தப்பிச்சா. அஞ்சு வயசு, நெஞ்சு சுத்தம்... ஆமா, ஹீட்டுக்கு வந்திருக்கா, ஆணோட சேர்க்கிற நேரம். இந்த ஒரு ஈத்துதான் கடைசி, இதுக்கு மேல குட்டி வேண்டாம்னு டாக்டர் கறாரா சொல்லிட்டாரு. உன்கிட்ட ஜமீன்னு ஒரு ஆண் இருக்காமே?"

மறுமுனையில் தம்பி நீளமாக ஏதோ சொன்னான். அவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லி முடிச்சிட்டியா? ...ஏன், இந்த நாய் ஜாதியே அழிஞ்சா அழியட்டும்னு விட்டுடலாமா? கண்காட்சிக்குக் கண்காட்சி மைக்கைப் பிடிச்சு முழங்கினது யாரு, நானா? புதர்ல பறவை விரட்டின ஜாதி, சீமை ராஜா வீட்டுல மடிக்கு வந்துச்சு, குளிருக்கு மடியைச் சூடாக்குச்சுன்னு... ஆமா, ஆமா, அப்புறம் சப்பை மூக்குதான் அழகுன்னு மூக்கைச் சுருக்கினாங்க. பழைய ஓவியத்துல இருக்கிற நீள மூக்கு நாயைக் கொண்டாங்கன்னு ஒருத்தர் பரிசு அறிவிச்சாரு. ரெண்டாவது உலகப் போர் முடிஞ்சப்போ விரல் விட்டு எண்ணலாம், அவ்ளோதான் மிச்சம். இன்னிக்கு உலகத்துல இருக்கிறது எல்லாம் அந்தக் கொஞ்சத்தோட பிள்ளைங்கதானே? எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. அதனாலதான்டா இந்த நெஞ்சுக்கோளாறு போக மாட்டேங்குது. நெஞ்சு சுத்தமா ஒருத்தி கிடைச்சிருக்கா, அவளையும் விட்டுட்டா அவ்வளவுதான்... நிஜமாவா? நிஜமாவே அனுப்புவியா? தங்கம்டா நீ!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிழித்துப் போட்ட காலண்டர் தாளைத் திருப்பி வைத்து, பென்சிலைத் தேடினாள்.

"கோவிச்சுக்காதே, வம்சாவளிப் பேப்பரை எடு. நம்ம பழைய பண்ணை ரத்தம் இல்லேன்னு தெரிஞ்சுக்கணும்... வெளியூர்ல வாங்கினியா? நல்லதாப் போச்சு. படி... பேரை விடு, பேரை ஆளாளுக்கு மாத்துவாங்க. பதிவு நம்பரைப் படி. ...ம், அப்பா... ம். அம்மா... ம். அப்பாவோட அப்பா? ...இன்னொரு தடவை சொல்லு. ...கடைசி மூணு எண்? ...அறுநூத்திப் பதினெட்டா?"

பென்சில் நின்றுவிட்டது. அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம்.

"இருக்கேன்... இருக்கேன்டா, லைன்லதான் இருக்கேன். ஜமீனுக்கு என்ன வயசு? ...மூணுதானா? ராத்திரியில இருமுறானா? ...எப்பலேர்ந்து? ...தூசியா? தூசின்னு யார் சொன்னது? ...கத்தாதே, நான் சொல்றதைச் செய். அவனைப் பக்கத்துல கூப்பிடு. இடது முன்னங்கால் மடியற இடத்துக்குப் பின்னாடி காதை வை. போனைக் கீழே வச்சிட்டுக் கேளு."

அங்கே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "வாடா ராசா" என்று கொஞ்சுவது தூரத்தில் கேட்டது. இங்கே அவள் கை தானாக முத்துவின் நெஞ்சுக்குப் போனது. ஜமீனின் நெஞ்சில் ஒன்றும் கேட்காமல் இருக்கட்டும் என்று உதடு முணுமுணுத்தது.

"சொல்லு... துடிப்புக்கு நடுவுல? உஸ்ஸுன்னா? ...குழாய் ஒழுகற மாதிரியா? ...ஐயோ. ...ஜமீனுக்கு இதுவரைக்கும் எத்தனை குட்டி? ...முப்பத்தி ரெண்டா! எல்லாத்தையும் குடுத்தாச்சா? ...அத்தனை வீட்டுக்குமா? ...எனக்கு எப்படித் தெரியும்னா... அது வந்து..."

சொல்லாமல் வைத்துவிடலாம். ஒன்பது வருஷம் மென்று முழுங்கியதை இன்னும் கொஞ்ச காலம் முழுங்கலாம். ஆனால் முப்பத்திரண்டு வீடு என்ற பிறகு முழுங்க முடியவில்லை.

"அந்த அறுநூத்திப் பதினெட்டு நம்ம பண்ணை நாய் துரையோட நம்பர்டா. ...நம்ம துரைதான். ...சாகலை. நான் சொன்ன மாதிரி பாம்பு கடிக்கலை. நீ ஊர்ல இல்லாதப்போ டாக்டர் அவன் நெஞ்சுல சத்தம் கேக்குதுன்னாரு. வெளியே தெரிஞ்சா நம்ம நாயை எவன் தொடுவான்? அவன் மூஞ்சி அழகைப் பார்த்து ஒருத்தன் கேட்டான், நோயைச் சொல்லாம பேப்பரோட குடுத்துட்டேன்... தெரியும். தெரியும்டா, நீ அந்த வேப்பமரத்தடியில உக்காந்து மூணு நாள் சாப்பிடாம அழுதது தெரியும். அங்கே நான் புதைச்சது வெறும் சாக்குமூட்டை. ...திட்டு. நல்லா திட்டு. ...தெரியாது. சத்தியமா தெரியாது, கடைசியில எங்க இருந்தான், எப்படிப் போனான்னு நான் கேக்கவே இல்ல... தம்பி? அழாதேடா. ஜமீனை டாக்டர்கிட்ட காட்டு, மாத்திரை இருக்கு, கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கலாம். அந்த முப்பத்தி ரெண்டு வீட்டுக்கும் சொல்லணும், நானும் கூட உக்காந்து சொல்றேன்... ஹலோ? ...முத்துவை இனி எந்த ஆணோடவும் சேர்க்கலை, இந்த வம்சம் இவளோட முடிஞ்சு போகட்டும்... ஹலோ... துரையை அவங்க நல்லாதான் பார்த்திருப்பாங்க, இல்ல? ...தம்பி?"

லைன் எப்போதோ அறுந்திருந்தது. அவள் இன்னும் இரண்டு தடவை ஹலோ சொன்னாள்.