ஒரு சாண் குறைந்த அங்கி

— ஒரு சாணு, பாய்! ஒரு சாணு கொறையுது! மாதா சிலைக்கு முட்டியோட நிக்குது அங்கி. பத்தொம்போது வருஷமா தைக்கிறீங்க... இப்படியா?

— உக்காருங்க ரோசாலிம்மா. மொதல்ல தண்ணி குடிங்க. இந்த வெயில்ல கோயில்லேருந்து நடந்தா வந்தீங்க?

— நடந்துதான் வந்தேன். தண்ணி வேணாம். பதில் சொல்லுங்க.

— அளவு தப்பாயிடுச்சு. டெய்லருக்கு எப்பனா ஒரு வாட்டி தப்பாவாதா?

— என் ஜாக்கெட்டுன்னா தப்பாவும். மாதா அங்கி எப்படித் தப்பாவும்? நீங்கதானே சொல்லுவீங்க, என் பொண்ணு நஜீமா அளவு மறந்தாலும் உங்க மாதா அளவு மறக்காதுன்னு!

— சொல்லியிருக்கேன்... பொண்ணு வளந்துகிட்டே இருக்கா, மாதா அப்படியே இருக்காங்க, நோட்டப் பாக்க வேண்டியதே இல்லன்னு சொல்லியிருக்கேன்.

— அப்புறம்? அசல் பட்டு அது, பாய். சட்டசபைக்கு நிக்கிற எதுவார் சாரோட சம்சாரமே காஞ்சிபுரம் போய் எடுத்தாந்தது. கீழ் ஓரத்துல ஜரிகையில வரிசையா படகு...

— ஏழு படகு. எண்ணிப் பாத்துத்தான் தச்சேன். எதுவாரோட எலெக்‌ஷன் சின்னம்.

— சின்னம்னு சொல்லாதீங்க. பேதுரு மீன் புடிச்ச படகுன்னு கோயில் பங்குப் பேரவைக் கூட்டத்துல அடிச்சு சொன்னாரு.

— அப்ப எலெக்‌ஷன் கமிஷன்ல உக்காந்து சின்னம் குடுத்தது பேதுருதானா?

— சிரிக்க வைக்காதீங்க பாய். நான் கோவமா வந்திருக்கேன்.

— சரி, கோவப்படுங்க. பேரவையில எல்லாரும் எப்படி ஒத்துக்கிட்டாங்க?

— எதுவார் நம்மாளு, நம்ம பங்குலேருந்து மொத மொத சட்டசபைக்குப் போறாரு, ஜெயிச்சா பள்ளிக்கூடத்துக்கு மேல்மாடி கட்டித் தராருன்னாங்க. மாதா அவரு பட்டோட தேர்ல வந்தா ஊருக்கே புரிஞ்சிடும், மாதா யாரு பக்கம்னு... இதச் சொன்னது பேரவைத் தலைவரு. எல்லாரும் கை தட்டினாங்க.

— நேத்து இன்னாதான் ஆச்சு? ஒருத்தரும் ஒழுங்கா சொல்லல.

— இன்னா ஆவும்? தேரு ஜோடிக்கிற நேரம். எதுவாரு, அவரு சம்சாரம், ஃபோட்டோ புடிக்கிறவன், டிரோன் விடுறவன், அத்தன பேரும் பீடத்துக்கு முன்னாடி. வழக்கம்போல நான்தான் ஸ்டூல் மேல ஏறி அங்கியப் போத்தினேன். முட்டியோட நின்னுடுச்சு. அந்தம்மா கையில ஊக்கோட நிக்குது. தோள்ல எறக்கிக் குத்துங்க, கீழ பூ வச்சா தெரியாதுங்குது. எறக்குறேன், எறக்குறேன்... பத்தவே இல்ல.

— பங்குச் சாமியாரு?

— வந்து பாத்தாரு. மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கிட்டாரு. சிரிச்சாரா இருமினாரான்னு எனக்கு இன்னும் புரியல. நேரமாவுது, போன வருஷத்து வெள்ளை அங்கியே போடுங்கன்னுட்டாரு.

— அது நல்லாத்தானே இருக்கும். நான் தச்சதுதான்.

— பெருமைய பாரு! ...பாய், கொஞ்சம் இருங்க. எதிர்க்கடையில சேப்பு சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தன் நின்னானே, போயிட்டானா?

— வண்டியெடுத்துக்கிட்டு போறான். ஏன், யாரு அவன்?

— எதுவாரோட ஆளு. என் பின்னாலயே வந்தான். நாம ரெண்டு பேரும் கூட்டு இல்லன்னு அவன் நம்பணும்னுதான் கத்தினேன். உங்க மேல எனக்கு இன்னா கோவம்? ...இங்க வந்தாங்களா அவங்க?

— காலைல வந்தாங்க. நாலு பேரு.

— இன்னா கேட்டாங்க?

— நீங்க எழுதிக் குடுத்த அளவுச் சீட்டு எங்கன்னு. தொலஞ்சுபோச்சுன்னேன்.

— தொலஞ்சுபோச்சா! பத்து வருஷத்துக்கு முந்தி நான் குடுத்த பட்டன தேடி எடுத்துக் குடுத்த ஆளு நீங்க.

— தொலஞ்சுபோச்சுங்குறேன்... வுடுங்களேன்.

— சரி. வேற இன்னா சொன்னாங்க? மறைக்காதீங்க.

— லாஸ்பேட்டையில எதுவாரு நடத்துற ஸ்கூல் யூனிஃபார்ம் இனிமே உனக்கு இல்லன்னாங்க. அது போவட்டும். போறப்ப ஒருத்தன் திரும்பி நின்னான். ஒரு பாய் வேணும்னே நம்ம மாதாவ அவமானப்படுத்திட்டான்னு வாட்ஸப்புல போட்டா இந்தக் கடை இருக்குமான்னான்.

— அட கடவுளே...

— நஜீமா உள்ள இருந்தா. கேட்டுட்டா. ஷட்டர எறக்கிடலாம் அத்தாங்குறா. அப்பலேருந்து மூணு வாட்டி சொல்லிட்டா.

— எறக்க வேணாம். அதச் சொல்லத்தான் ஓடி வந்தேன். இனிமே எவனும் உங்ககிட்ட வரமாட்டான்.

— எப்படி சொல்றீங்க?

— பத்து மணிக்குப் பேரவை கூடுச்சு. உங்க பேருல போலீசுல எழுதிக் குடுக்கணும்னாங்க. கையெழுத்துக்கு பேப்பரு சுத்திக்கிட்டு வருது. நான் எந்திரிச்சேன். அளவுச் சீட்டு எழுதினது நானு, தப்பா எழுதினதும் நானு, வேணும்னேதான் எழுதினேன், பாய் மேல ஒரு தப்பும் இல்லன்னேன்.

— ரோசாலிம்மா!

— கத்தாதீங்க. உண்மைதான் அது.

— அத ஏம்மா போய் சொன்னீங்க? அதுக்காவத்தானே நான் சீட்ட...

— தொலைச்சீங்க. தெரியும். என்னக் காப்பாத்தத்தான் தொலைச்சீங்க. அதுக்கு நன்றி சொல்லாம நான் எப்படி இருக்கறது? மெர்சி பாய். ஆயிரம் மெர்சி.

— உங்கள இன்னா பண்ணாங்க?

— மாதாவ ஜோடிக்கிற வேல இனி எனக்கு இல்லியாம். இருவத்தாறு வருஷம்... போவட்டும். வேற யாராவது நல்லா ஜோடிப்பாங்க. சத்தியமா சொல்றேன், மனசு லேசாத்தான் இருக்கு.

— அப்படி இன்னாத்துக்கு தப்பா எழுதினீங்க?

— தையல்நாயகியத் தெரியும்ல, எங்க தெரு முனை வீடு? அங்காளம்மன் கும்புடுற குடும்பம். ஆனா புள்ள பொறந்ததுலேருந்து சனிக்கிழம தவறாம எங்க மாதாவுக்கு மெழுவத்தி ஏத்த வருவா. அவ வீட்டு மாடியில பலராமன் கட்சிக் கொடி பறக்குது. எதுவார எதுத்து நிக்கிறவரு. பட்டு வந்த அன்னிக்கு என்ன வழியில நிறுத்திக் கேட்டா, அக்கா, இனிமே நான் கோயிலுக்கு வரலாமான்னு.

— அப்படியா கேட்டாங்க...

— மாதாகிட்ட வர்றதுக்கு ஒருத்தி என்கிட்ட பர்மிஷன் கேக்குறா பாய்! வூட்டுக்குப் போய் சீட்டு எழுத உக்காந்தேன். கை தானா தப்பா எழுதிச்சு.

— எங்க பள்ளிவாசல்லயும் ஒரு கூத்து நடந்துச்சு. ஒரு எலெக்‌ஷனுக்கு ஒருத்தரு ஃபேன் குடுத்தாரு. ரெக்கைக்கு ரெக்கை அவரு பேரு. ஓடும்போது தெரியாது, கரண்டு போனா தெரியும். அவரு தோத்துட்டாரு. ஜெயிச்சவரு ஆளுங்க வேற எடத்துல தொழ ஆரம்பிச்சாங்க. நோம்புக் கஞ்சி ரெண்டு அண்டாவாச்சு. என் தம்பி ஜாகிர் அந்த அண்டா, நான் இந்த அண்டா. நாலு வருஷம் பேச்சு இல்ல.

— இப்ப?

— இப்ப பேசுறான். பெருநாளுக்கு வரான். ஆனா எங்கம்மா போனப்ப பேசாமதான் நின்னான். அத எப்படி திருப்பித் தைக்கிறது?

— நேத்து தேரு அந்தப் பழைய வெள்ளை அங்கியோடவே போச்சு பாய். தையல்நாயகி வாசல்ல பெருசா கோலம் போட்டு, தட்டு நிறைய சாமந்தியோட நின்னா. எதுவாரு கொடி கட்டின வூடு, பலராமன் கொடி கட்டின வூடு, எல்லா வாசல்லயும் தேரு நின்னுச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சு. உங்களத்தான் நெனச்சேன்.

— அத்தன பேரு நடுவுல எனக்காக எந்திரிச்சு நின்னிருக்கீங்க... எங்க ஜமாத்துல கூட எனக்காக யாரும் அப்படி நின்னதில்லம்மா. இத நான் எந்தக் காலத்துலயும் மறக்க மாட்டேன்.

— அழுறீங்களா பாய்? பாத்து, மெஷினு துருப்புடிச்சிடும்.

— அழல. நூல் தூசி.

— ஆமாமா, தூசி! ...ஒண்ணு சொல்றேன் கேளுங்க. பேரவையில கூட இதச் சொல்லல. மாதா அளவு நாப்பத்திரெண்டு. நான் நாலு இஞ்ச்தான் கொறச்சு எழுதினேன். முப்பத்தெட்டு. பயம், அதுக்கு மேல கை வரல. ஆனா போத்துனா ஒரு சாணு கொறையுது! டேப்பு வச்சுப் பாத்தேன். எட்டு இஞ்ச்!

— துணி... சுருங்கியிருக்கும்.

— தண்ணியே படாத பட்டு சுருங்குமா?

— அயர்ன் சூடு...

— சும்மா இருங்க பாய். புதுமை இது, அற்புதம்! நாலு இஞ்ச் நான் பொய் சொன்னேன், மீதி நாலு மாதா பாத்துக்கிட்டாங்க. ஸ்டூல் மேல நின்னப்ப எனக்கு ஒடம்பே சிலிர்த்துச்சு. மாதாவே வளந்து நின்னு, இது எனக்கு வேணாம்னுட்டாங்க!

— நஜீமாவ டீ போடச் சொல்லவா?

— பேச்ச மாத்தாதீங்க. கூட்டம் முடிஞ்சு வெளிய வந்தா பலராமன் ஆளுங்க நிக்கிறாங்க. அவங்ககிட்ட வாய் தவறி மாதா வளந்தாங்கன்னு சொல்லிட்டேன். இத அப்படியே வீடியோவுல சொல்லுங்கம்மாங்குறாங்க. எதுவார மாதாவே தள்ளிட்டாங்கன்னு நோட்டீசு அடிக்கப் போறாங்களாம்.

— நீங்க இன்னா சொன்னீங்க?

— சாயங்காலம் வாங்கன்னேன்.

— ரோசாலிம்மா... வேணாம்.

— ஏன் வேணாம்? நடந்ததத்தானே சொல்லப் போறேன். கண்ணால பாத்ததுக்கு சாட்சி சொல்லாட்டி எப்படி?

— நாளைக்கு எதுவாரு கொடி கட்டின வூட்டுப் பொம்பள ஒருத்தி உங்கள வழியில நிறுத்தி, அக்கா இனிமே நான் கோயிலுக்கு வரலாமான்னு கேப்பா. இன்னா பதில் சொல்லுவீங்க?

— நீங்க சொல்றது சரிதான். ஆனா மாதா பண்ண புதுமைய மூடி மறைக்கச் சொல்றீங்களே... அது பாவமில்லியா? எட்டு இஞ்ச் பாய்! எட்டு!

— இந்தாங்க. இதப் புடிங்க.

— இது... என் சீட்டு! தொலஞ்சுபோச்சுன்னீங்க?

— டிராயர் அடியில தொலஞ்சிருந்துச்சு. படிங்க.

— முப்பத்தெட்டு. என் கையெழுத்துதான். அத அடிச்சுட்டு பக்கத்துல பென்சில்ல... முப்பத்தி நாலு? இது யாரு எழுதினது?

— மாதா வளரல ரோசாலிம்மா. முப்பத்தெட்டுன்னா தோள்ல எறக்கி ரெண்டு ஊக்கு குத்தியிருப்பாங்க, கீழ பூ வச்சிருப்பாங்க, ஏழு படகும் தெருத் தெருவா சுத்தி வந்திருக்கும். நீங்க பயந்து வுட்ட நாலு இஞ்ச வெட்டினது நான்தான்.