செவ்வாய்க்கிழமை விரதம்

இந்த டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள், தப்பாக நினைக்க வேண்டாம். நான் வெளியிடத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. சிதம்பரத்திலிருந்து கிளம்பும்போதே கேனில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். இன்றைக்கு விசாரணைக்கு வந்த இடத்தில் உங்கள் ஆட்கள் அதை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடலூர் வெயிலில் தொண்டை வறளத்தான் செய்கிறது, பரவாயில்லை. எழுந்து நடந்துகொண்டே பேசலாமா? உட்கார்ந்தால் கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

என் பெயர் வைத்திலிங்கம். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் நிலத்தடி நீர் பற்றிப் பத்தொன்பது வருடம் பாடம் நடத்தியவன். என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரே விஷயத்துக்காக ஒற்றைக்காலில் நின்றவன் என்பார்கள். ஆராய்ச்சிக் கட்டுரை எதுவாக இருந்தாலும் யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் திறந்து கிடக்க வேண்டும். அதுதான் அந்த விஷயம். 2004 தொடக்கத்தில், பிச்சாவரம் பக்கத்துக் கிணறுகளைப் பற்றி வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதிய கட்டுரை எனக்குத் தேவைப்பட்டது. நம் கிணறு, நம் வாளி, நம் ஆள் இறைத்துக் கொடுத்த தண்ணீர். அதைப் படிக்க என்னிடம் பணம் கேட்டார்கள். எங்கள் நூலகத்திலும் அந்த இதழ் இல்லை. அன்றைக்குப் பட்ட அவமானம் இன்னும் எரிகிறது. அறிவைப் பூட்டி வைப்பவன் மனிதனே இல்லை என்று அதற்கப்புறம் மேடைக்கு மேடை பேசினேன். இப்போதும் எனக்கு அதே கருத்துதான்.

அந்த வருடக் கடைசியில் சுனாமி வந்தது. கிள்ளைக்குக் கிழக்கே கடலை ஒட்டி இருந்த ஒரு குப்பத்தை உள்ளே கொண்டுவந்து, பனையந்திட்டு என்ற மேட்டில் குடிவைத்தார்கள். உதவிக்கு வந்தவர்கள் மூன்று அடிபம்பு போட்டுக் கொடுத்தார்கள். 2005 ஜூலையிலிருந்து மாதம் ஒருமுறை ஸ்கூட்டரில் போய் மூன்றிலும் தண்ணீர் எடுத்தேன். பாட்டிலை அந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலச வேண்டும், நான்காவது முறை பிடித்து மூடித் தேதி எழுத வேண்டும். அடையாளத்துக்காகப் பம்புகளின் மேல் 1, 2, 3 என்று பச்சைப் பெயின்டில் எழுதினேன். முதல் இரண்டும் உப்புக் கரித்தன. மூன்றாவது அவ்வளவு ருசி.

மூன்றாம் பம்புக்கு எதிர்வீடு அமராவதியுடையது. புருஷன் ராஜமாணிக்கம் கடலுக்குப் போகிறவர். என் ஸ்கூட்டர் நின்றதும் அமராவதி செம்பில் தண்ணீரோடு வருவார். வெயிலில் வந்த மனுஷனுக்கு முதலில் தண்ணீர், அப்புறம்தான் பேச்சு. ஏழு மாதம் வாங்கிக் குடித்தேன்.

எட்டாவது மாதம், 2006 பிப்ரவரியில், மூன்றாம் பம்பின் சோதனை முடிவு கைக்கு வந்தது. ஆர்சனிக், அதாவது பாஷாணம், அனுமதித்த அளவைப் போல ஆறு மடங்கு. யாரும் கலந்ததல்ல, அடியில் இருக்கும் களிமண்ணிலிருந்து தானாக இறங்குவது. நிறம் கிடையாது, வாடை கிடையாது. மறுபடி செய்து பார்த்தேன், அதே எண்.

அந்த வாரம் பனையந்திட்டுக்குப் போனபோது வழக்கம்போலச் செம்பு வந்தது. என் கை முன்னால் போகவில்லை.

"இன்னிக்குச் செவ்வாக்கெழமைம்மா. பச்சத்தண்ணி பல்லுல படாம வெரதம்," என்றேன்.

"நல்லாயிருப்பீங்க சார்," என்று செம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார் அமராவதி. நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக அதற்கப்புறம் நான் செவ்வாய்க்கிழமைகளில் மட்டுமே போக வேண்டியதாகிவிட்டது.

அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஊரைக் கலவரப்படுத்துவது விஞ்ஞானம் இல்லை. அதோடு, பம்பு போட்ட நாளிலிருந்து மாதம் தவறாமல் எடுத்த அளவுகள் உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. ஏழு வருடம், எண்பத்து நான்கு மாதம், நடுவில் ஓட்டை விழாமல் எடுத்து முடித்தால் பாஷாணம் எப்படி ஏறுகிறது என்று முதன்முறையாக உலகத்துக்குத் தெரியும். லட்சக்கணக்கான பேருக்குப் பயன்படும். ஆனால் அடிக்காமல் விட்ட பம்பில் தண்ணீர் குழாயிலேயே தேங்கி அளவு மாறிப்போகும். தினமும் நூறு குடமாவது போக வேண்டும். நான் ஒருவன் அங்கே நின்று நூறு குடம் அடிக்க முடியுமா, சொல்லுங்கள்.

மறைத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதுதான் என்னால் தாங்க முடியாதது. 2007இல் கட்டுரை வெளிவந்தது. ஊர் பெயர், பம்பு எண், ஒவ்வொரு மாதத்து அளவு, எல்லாம் அதில் இருக்கிறது. திறந்த இதழ், கடவுச்சொல் கிடையாது, காசு கிடையாது. நாலாயிரம் பேருக்கு மேல் எடுத்துப் படித்தார்கள். சுவீடனிலிருந்து ஒருவர் பாராட்டிக் கடிதம் எழுதினார், அதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பனையந்திட்டில் யாரும் படிக்கவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய?

அந்த ஜன்னலைத் திறக்க முடியுமா? இல்லையா, சரி.

பச்சை எண் எழுதிய பம்பு சார் சோதித்த பம்பு என்று ஊரில் ஒரு எண்ணம். மூன்றிலும்தான் எழுதியிருந்தேன், ஆனால் ருசி எதில் இருக்கிறதோ அதற்குத்தான் பெயர் போயிற்று. பக்கத்துத் திட்டிலிருந்தும் குடத்தோடு வர ஆரம்பித்தார்கள். "சாரே மாசாமாசம் வந்து பாத்துட்டுப் போறாரு, இந்தத் தண்ணிக்கு என்னா கொறச்சல்?" என்று ராஜமாணிக்கம் அவர்களிடம் சொன்னபோது நான் பாட்டிலுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து சிரித்தேன் என்று நினைவு. நோட்டில், 'பயன்பாடு ஜாஸ்தியாகியிருக்கிறது, மாதிரிக்கு நல்லது' என்று குறித்தேன்.

2009இல் அமராவதியின் உள்ளங்கையில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. நடுவில் தோல் தடித்துச் சொரசொரவென்று ஆயிற்று. இறால் உரிப்பதால் வருகிறது என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்தேன். அதுவும் இரண்டாவது கட்டுரையில் இருக்கிறது, முகம் தெரியாது.

2010இல் எழிலரசி என்னிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். கடலூர் செம்மண்டலத்துப் பெண், துருதுருவென்று கேள்வி கேட்பாள். பழைய அட்டவணைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒருநாள் கேட்டாள்.

"எட்டாவது மாசத்துலேர்ந்து எல்லாமே செவ்வாக்கெழமையா இருக்கே, ஏன் சார்?"

"ஒழுங்கு வேணும்ல," என்றேன்.

அடுத்த முறை என்னோடு பனையந்திட்டுக்கு வந்தாள். அமராவதி செம்போடு வந்ததையும் நான் விரதம் என்றதையும் பார்த்தாள். அதற்கு முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை கேன்டீனில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து நான் காபி குடித்திருந்தேன். திரும்பும் வழியில் கிள்ளை தாண்டியதும், "அவுங்ககிட்ட இன்னும் சொல்லலியா சார்?" என்றாள்.

"போட்டாச்சேம்மா, மூணு வருஷமாச்சு."

"இங்கிலீஷ்லதான சார் போட்டீங்க?"

தமிழில் ஒரு சுருக்கம் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியும் வைத்தேன். எண்பத்து நான்காவது மாதம் முடிந்ததும் ஊரைக் கூட்டி நானே படிக்கலாம் என்றிருந்தேன். அவளுக்குப் பொறுமை இல்லை. 2011 மார்ச்சில் அவளே ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டுபோய், மூன்றாம் பம்படியில் நின்று உரக்கப் படித்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனபோது பம்படி காய்ந்து கிடந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன். அறுபத்தெட்டு மாதம் முடிந்திருந்தது. இத்தனை வருட உழைப்பு ஒரு தாளில் போய்விடுமா என்று பயமாக இருந்தது. பத்திருபது பேர் கூடினார்கள். அந்தப் பெண் புதுசு, கணக்கில் தப்புப் பண்ணிவிட்டாள், பயப்பட ஒன்றுமில்லை என்று நிதானமாகச் சொன்னேன். ராஜமாணிக்கம் அப்போதே மெலிந்துபோய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

அமராவதி பம்பை நாலு அடி அடித்துச் செம்பை நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினார்.

"நீங்க ஒரு வாய் குடிச்சிக் காமிங்க சார். நாங்க குடிக்கிறோம்."

செம்பைப் பிடித்த கையில் அந்தப் புள்ளிகள் எல்லாம் தெரிந்தன. நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய், நன்றாக யோசித்தேன். ஒரு செம்பில் ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில் குடித்தால்தான் ஆகும். அந்த வித்தியாசம் அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். ஐந்து வருடத்துக்கு அப்புறமும் அதே ருசிதான்.

"எங்களுக்காவ வெரதத்த முறிச்சிக்கிட்டீங்களே சார்," என்று அமராவதி அழுதுவிட்டார். மற்றவர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் ஸ்கூட்டரை எடுக்கும் முன்பே பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்துதான் வெளியில் எங்கேயும் தண்ணீர் இறங்குவதில்லை.

எழிலரசியின் ஆராய்ச்சிக்கு மேற்கொண்டு கையெழுத்துப் போடவில்லை, அவள் போய்விட்டாள். ராஜமாணிக்கம் ஆகஸ்டில் இறந்தார். அவருக்கு அப்புறம் பம்படித் தெருவில் இன்னும் இரண்டு பேர். ராஜமாணிக்கத்தின் சாவுக்கு மாலையோடு போனேன். அன்றைக்கு வியாழக்கிழமை, அதனால் பாட்டில் எடுத்துப் போகவில்லை. 2012 ஜூனில் எண்பத்து நான்காவது மாதிரியை எடுத்தேன். ஓட்டை இல்லாத வரிசை. ஜூலையில் எழிலரசி திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்தாள், பம்பைக் கழற்றினார்கள். எனக்கு வேண்டியது அதற்குள் முடிந்திருந்தது, அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

ஆகையால் நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். 2006 பிப்ரவரியிலிருந்து எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவர்களைக் குடிக்கவிட்டேன். அவர்கள் நிறுத்தியபோது, நான் குடித்துக் காட்டி மறுபடி குடிக்கவைத்தேன். அதற்கப்புறம் பதினைந்து மாதம்.

இன்றைக்கும் செவ்வாய்க்கிழமைதான், கவனித்தீர்களா? காலையிலிருந்து கை பாட்டில் மூடியைத் தேடிக்கொண்டே இருக்கிறது.

ஒரு சின்ன வேண்டுகோள். நான் சொன்னதைக் கோப்பில் கட்டிப் பூட்டி வைத்துவிடாதீர்கள், எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் போடுங்கள். அந்த அமராவதியும் படிக்கட்டும். முடிந்தால் ஆங்கிலத்திலேயே போடுங்கள், நிறையப் பேரைப் போய்ச் சேரும்.