மேசைமேல் ஒரு டப்பா

என் மேசையில் எப்போதும் ஒரு டப்பாதான் இருக்கும், சார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். எர்ணாவூர்ப் பக்கம் எங்கள் துப்பாக்கி கிளப்பில், சுட்டுப்போட்ட காலிக் கூடுகளைப் பொறுக்கித் துடைத்து, மறுபடி வெடிமருந்து போட்டுத் தோட்டாவாக்கிக் கொடுப்பது என் வேலை. மருந்துகளில் சில நிதானமாக எரியும், சில சட்டென்று பிடித்துக்கொள்ளும். எந்த ரிவால்வருக்கு எது என்று பொருத்தம் உண்டு. பார்வைக்கு எல்லாம் இடித்த மிளகு போல ஒன்றாகவே இருக்கும். பொருத்தம் தவறினால் சுடுகிறவர் கையிலேயே துப்பாக்கி வெடிக்கும். அதனால் ஒரு டப்பாவைப் பூட்டி வைக்காமல் அடுத்ததைத் திறக்க மாட்டேன்.

என் மகள் சௌமியா அங்கேதான் சுடப் பழகினாள். மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். திருவொற்றியூர் குப்பத்திலிருந்து அப்படி ஒரு பெண் போவது அதுதான் முதல் தடவை. போன ஆடியில், கிளப் ரிவால்வர் அவள் கையில் வெடித்தது. வலது கண் போய்விட்டது.

ரிவால்வர் பழசு. தோட்டா போடும் உருளையில் விரிசல் இருந்திருக்கும் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் செயலாளர் சுடலைராஜ் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: தோட்டா நிரப்பியவர் மருந்தை மாற்றிப் போட்டுவிட்டார். என் சொந்த மகளுடைய கண்ணை நானே பறித்தேன் என்று எழுதினார், சார். அந்தத் தாளைப் படித்த அன்று பிடித்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். அவர் இரக்கப்பட்டார். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் விடாமல் வந்தார். மூன்று மாதம் கழித்து வீட்டுக்கே வந்து, "மனோகரா, மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும். திரும்ப வா. உனக்கு வேற என்ன வேலை தெரியும்?" என்றார். போனேன். என் மேசைக்கு நேரே சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது: மேசையில் ஒரே ஒரு டப்பா. என் பழக்கத்தை எனக்கே பாடமாக எழுதி ஒட்டியிருந்தார். தினமும் அந்த அட்டையைப் பார்த்தபடி வேலை செய்தேன்.

போன ஞாயிறு காலை, தன் ரிவால்வருக்கு ஆறு தோட்டா கேட்டார். என்னைத்தான் கேட்டார். நம்புகிறாராம். அலமாரியைத் திறந்து நிதானமாகத் தேர்ந்தெடுத்தேன். ஒரு டப்பாதான் எடுத்தேன். அதற்குப் பொருந்தாத டப்பா. ஆறையும் துடைத்து, வழக்கம்போல் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். "தேங்க்ஸ்ப்பா" என்றார். முதல் தோட்டாவிலேயே முடிந்துவிட்டது. துண்டு ஒன்று கழுத்தில் இறங்கியது. பக்கத்தில் நின்ற அறிவு என்கிற பையனுக்குக் கன்னம் கிழிந்தது. அந்தப் பையன் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அவரைக் கொன்றேன். மருந்தை மாற்றிப் போட்டேன் என்று எழுதினார் அல்லவா, போட்டுக் காட்டினேன். என் பேரைக் கெடுத்தவருக்கு அதுதான் நியாயம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் சௌமியாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நைனா, என் கண்ணு போன அன்னிக்கி உனக்கு சோறு எட்த்துகினு வந்தேன்ல? டேபிள்மேல ரெண்டு டப்பா தொறந்து கீது. நான்தான் ஒண்ண நகத்திட்டு கேரியர வெச்சேன். உனக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டன்னுதான் யாராண்டயும் சொல்லல. அந்த மனுசனாண்ட கூட, நைனா பேர எட்த்துடுங்கன்னு கெஞ்சினேன்."

அதற்குப் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். அவள் வாசலில் நிற்கிறாள், உங்களிடம் ஏதோ சொல்ல வேண்டுமாம். உள்ளே விடாதீர்கள், சார். அவளுக்கு ஒரு கண்தான். அவள் பார்த்ததையெல்லாம் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.