முக்கோணங்களுக்கு மட்டும் தனி அளவு

போர்வை வரையும் மென்பொருள் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் வண்ணப் படங்களைப் பார்த்து மயங்குகிறார்கள். படத்தைப் பார்க்காதீர்கள். தாளில் எப்படி அச்சடிக்கிறது என்று பாருங்கள். உங்கள் பட்டறைக்கு எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டீர்கள். எனக்குப் பேச வராது என்பதால் எழுதித் தருகிறேன்.

நாங்கள் செய்வது ஒட்டுப் போர்வை. துணிகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி, நட்சத்திரமாகவோ காற்றாடியாகவோ சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைப்போம். பட்டறை என் பெரியம்மாவுடையது. வெட்டுவது அவர், தைப்பது மிஷின் அக்கா. அவருக்கு வேறு பெயர் உண்டு. தையல் மிஷின் ஓடும்போதெல்லாம் அவர் வாயும் ஓடுவதால் இந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நான் பள்ளியை விட்டபிறகு அங்கே வந்தேன். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் நானே போகவில்லை. மிஷின் அக்கா என்னைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்.

"வந்ததும் தெரியல, போனதும் தெரியல. மணி கட்டி விடணும்டி உன் கழுத்துல."

மூன்று மென்பொருள்களை இறக்கிச் சோதித்தோம். முதலாவதில் சதுரம் தவிர வேறெதுவும் வராது. "இது போர்வை இல்ல, குளியலறைத் தரை" என்று மிஷின் அக்கா அதை முடித்து வைத்தார். இரண்டாவது, நாம் வரைந்த போர்வையை ஒரு கட்டிலில் விரித்துக் காட்டும். மேலே ஒரு பூனை சுருண்டு தூங்கும். பெரியம்மா அதில் விழுந்துவிட்டார்.

"இதையே வாங்கிடலாம்டி. எவ்வளவு நிம்மதியா தூங்குது பாரு."

"ஏற்கனவே ஒரு பூனைக்குச் சோறு போடுறோம்க்கா, அது பத்தாதா?"

அது துண்டுகளை அச்சடிக்காது என்பதால் அதையும் விட்டோம். மூன்றாவது பார்க்க அழுமூஞ்சியாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆனால் ஒவ்வொரு துண்டையும், தையலுக்கு விடும் ஓரத்தோடு சேர்த்து, நிஜ அளவில் தாளில் அச்சடித்துத் தரும். தாளைத் துணிமேல் குத்திக் கோட்டோடு வெட்டினால் போதும். அதைத்தான் வாங்கினோம். நீங்களும் அதையே வாங்குங்கள். அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

கணினியை ஜன்னலோர மூலையில் வைத்தோம். அங்கே உட்கார்ந்தால் என் முதுகு மட்டும்தான் எல்லாருக்கும் தெரியும். துணிகளை ஸ்கேனரில் வைத்து உள்ளே ஏற்றுவேன். பூப்போட்ட துணியைக் கோடுபோட்ட துணியின் பக்கத்தில் வைப்பேன், பிடிக்காவிட்டால் ஒரு சொடுக்கில் மாற்றுவேன். யார் வந்து என்ன கேட்டாலும் திரையைத் திருப்பிக் காட்டினால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. நான் பாட்டு முணுமுணுக்கிறேன் என்று மிஷின் அக்காதான் கண்டுபிடித்தார். அதுவரை எனக்கே தெரியாது.

ஒருநாள் பெரியம்மா என் மேசைமேல் ஒரு புதுப் பையை வைத்தார். நீல நிறம். பள்ளிப் பை.

"ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பேசிட்டேன். உன்னை எழுந்து வாசிக்கச் சொல்ல மாட்டாங்களாம். ஸ்கூல் திறந்ததும் போற."

"அப்ப இதை யாரு பார்த்துக்குவாங்க?"

"நான்தான். நீ என்ன, பிறக்கும்போதே மௌஸைப் பிடிச்சிக்கிட்டா பிறந்த? நானும் கத்துக்குறேன்."

கற்றுக்கொண்டார். அதுதான் சிக்கல். என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டார். "இனி வரையுறதும் நான்தான், வெட்டுறதும் நான்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

பெரியம்மா ரொம்ப நல்லவர். நல்லவர்களிடம் முடியாது என்று சொல்வது யாருக்குமே கஷ்டம், எனக்கோ கேட்கவே வேண்டாம். அதனால் சொல்லவில்லை.

நான் சொன்ன வசதி இதுதான். ஒவ்வொரு வடிவத்துக்கும் அச்சளவைத் தனித்தனியாக வைக்கலாம். நூற்றுக்கு நூறு என்று இருந்ததை முக்கோணங்களுக்கு மட்டும் தொண்ணூற்றேழு ஆக்கினேன். எல்லாத் துண்டும் ஒன்றாகச் சிறுத்தால் போர்வைதான் கொஞ்சம் சிறியதாகும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். முக்கோணம் மட்டும் சிறுத்தால் அது சதுரத்தோடு சேராது. அளவைச் சரிபார்க்கத் தாளின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் அச்சாகும். அது வேண்டாம் என்று சொல்லவும் ஒரு குறி உண்டு, அதையும் போட்டேன். உண்மையிலேயே நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

"என்னக்கா இது?" என்றார் மிஷின் அக்கா. "நட்சத்திரம் தைக்கச் சொன்னீங்க, நண்டு வந்திருக்கு. கண்ணாடியைத் துடைச்சிட்டு வெட்டுங்க."

மூவரும் சிரித்தோம். பெரியம்மா மறுபடி வெட்டினார். மறுபடியும் நண்டு. அடுத்த போர்வையில் காற்றாடி, அதுவும் நொண்டியது. பிறகு நான் கத்திரியை வாங்கி, அளவை நூறாக்கி அச்சடித்து, வெட்டிக் கொடுத்தேன். முனையோடு முனை கச்சிதமாக உட்கார்ந்தது.

"அதே தாளு, அதே துணி. பூனை வெட்டினா மட்டும் எப்படிக்கா சேருது?"

அதே தாள் இல்லை. வேலை முடிந்ததும் தாள்களை நானே பொறுக்கி எடுத்துவிடுவேன். பட்டறையில் குப்பை சேர்வது எனக்குப் பிடிக்காது.

ஒரே ஒருமுறைதான் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். பெரியம்மா ஒரு முக்கோணத் தாளை எடுத்து ஸ்கேலை வைத்தார். "குறையுற மாதிரி இருக்கேடி. நீ பாரேன்." ஸ்கேலை வாங்கினேன், அளந்தேன், அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன், ஸ்கேலை மெதுவாக மேசைமேல் வைத்தேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் ஸ்கேலைத் தொடவில்லை.

பெரியம்மாவைச் சோதித்த கண் மருத்துவர், இந்த வயதில் இவ்வளவு நல்ல கண்ணைப் பார்த்ததே இல்லை என்றார். பெரியம்மா வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். "கண்ணுல இல்லைன்னா தலையிலதான்டி இருக்கு." அன்றிலிருந்து தனியாகச் சாலையைக் கடப்பதில்லை. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை என்னைக் கேட்பார். ஒரு வாடிக்கையாளரின் பெயர் சட்டென்று நினைவுக்கு வராவிட்டால் கண் கலங்கிவிடும். இதையெல்லாம் நான் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நான் மாற்றியது ஓர் எண்ணை மட்டும்.

பள்ளி திறந்த காலையில் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வருஷம் மட்டும் இருடி. உன்னை விட்டா எனக்கு யாரு?"

சரி என்றேன். நீலப் பையில் இப்போது வெட்டுத்துண்டுகளைப் போட்டு வைக்கிறோம். நிறையப் பிடிக்கிறது.

இப்போது வீட்டில் ஒரு சண்டை இல்லை, சச்சரவு இல்லை. போர்வைகள் நன்றாகப் போகின்றன. பெரியம்மாவுக்குத் தலைவாரி விடுவது நான், நேரம் தவறாமல் மாத்திரை கொடுப்பதும் நான். தலைக்கான மருத்துவர் எழுதிக் கொடுத்தது. அதைப் போட்டால் கொஞ்சம் கிறக்கமாக இருக்கும், மதியம் ஜன்னலோரம் போர்வைமேல் சுருண்டு படுத்துக்கொள்வார். அந்த இரண்டாவது மென்பொருளில் வருமே, அதே மாதிரி. அவ்வளவு நிம்மதி.

முக்கோண அளவை எப்போதோ நூறுக்கே மாற்றிவிட்டேன். இனி அதற்கு அவசியம் இல்லை. யாரையும் ஏமாற்றுவது என் குணமும் இல்லை. பள்ளியிலும் சரி, இங்கேயும் சரி, நான் வாய் திறந்து ஒரு பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது.

இன்று மதியம் பெரியம்மா தெளிவாக எழுந்தார். மாத்திரை கொடுக்க நான் கொஞ்சம் தாமதித்துவிட்டேன். நேராக வந்து பைக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. கத்திரியைத் தேடிக் கை நீண்டது.

"இது நீலம்தானேடி? எனக்கு நல்லாத் தெரியுது."

அது நீலம்தான்.

"பச்சை, பெரியம்மா" என்றேன். குரல் தடங்கலில்லாமல் வந்தது.